கிளிப்பா, கத்தியா, மாத்திரையா: அத்தையின் வால்வுக்கு மூன்று வழி

அத்தை மூன்று தலையணை அடுக்கிப் படுக்க ஆரம்பித்ததை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் ஒருநாள் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் மாமா எனக்குப் போன் செய்தார். "வயசாச்சுன்னு நெனச்சேன்டா. இது வேற மாதிரி இருக்கு. வண்டி எடுத்துட்டு வா."

அத்தைக்கு 73 வயது. ஊர் ஆம்பூர் பக்கம். கல்யாணமாகி பெங்களூரு வந்து ஐம்பது வருடம், எல்லாம் அல்சூர் ஜோகுபாளையத்தில்தான். பதினைந்து வருடமாகச் சர்க்கரை உண்டு. மற்றபடி ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து எங்களைச் சோம்பேறிகள் என்று திட்டும் உடம்பு.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறைக்குள் நானும் போனேன். ஜெல் பட்டதும் குளிரில் முகம் சுளித்தார். திரையில் இரண்டு மெல்லிய இதழ்கள் மூடித் திறந்தன. டெக்னீசியன் ஏதோ பட்டனைத் தட்டியதும் நிறம் வந்தது. நீலமும் மஞ்சளும் கலந்த ஒரு பீச்சல், துடிப்புக்கு ஒருமுறை, பக்கச் சுவரை உரசிக்கொண்டு சுழன்று போனது. திரையில் கீழே தெரிவதுதான் இதயத்தின் மேலறை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த அறைக்குள் அப்படி எதுவும் பீச்சக் கூடாது. மைட்ரல் வால்வு சிவியர் லீக் என்று ரிப்போர்ட் வந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் மூன்று விதமான ஆலோசனை வந்து சேர்ந்தது. ஒரு கார்டியாலஜிஸ்ட், தொடை வழியாகக் கதீட்டர் என்கிற நீண்ட குழாயை விட்டுக் கிளிப் போடலாம் என்றார். ஒரு சர்ஜன், நெஞ்சைத் திறந்து வால்வைச் செப்பனிடலாம் என்றார். குடும்ப டாக்டர், இந்த வயதில் எதற்கு, மாத்திரையிலேயே ஓட்டலாம் என்றார். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் கிளிப்புக்கு ஏகமனதாக ஓட்டு விழுந்தது. "கத்தியே வேணாம், மூணே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம், சரிப்படலேன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்." எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்பது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் டாக்டர் இல்லை, பேங்க்கில் கடன் பிரிவில் இருப்பவன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஷரத்தைப் படிக்கிற பழக்கம் உண்டு.

முதலில் வால்வு ஒழுகுவது எதனால் என்று பார்க்க வேண்டும். எல்லா முடிவும் இங்கேதான் பிரிகிறது. மைட்ரல் வால்வு இரண்டு இதழ் கொண்ட கதவு. மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தத்தை விடும், திரும்ப விடாது. இதழ்கள் பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் கூடாரக் கயிறு போல மெல்லிய நாண்கள் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. அந்த நாண் அறுந்தாலோ, இதழ் தொய்ந்தாலோ கோளாறு கதவிலேயே இருக்கிறது. அத்தைக்கு நடந்தது இதுதான். பின்னிதழின் நடுப்பகுதியில் நாண் அறுந்து, இதழின் ஒரு துண்டு பாய்மரம் கிழிந்த மாதிரி மேலறைக்குள் படபடத்தது.

இன்னொரு வகையில் கதவில் பழுதே இருக்காது. மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ இதயத்தின் கீழறை பலவீனமாகி ஊதிப்போக, நிலைச்சட்டம் விரிந்து இரண்டு கதவும் நடுவில் சேராமல் நிற்கும். லீக் ஒன்றுதான், நோய் வேறு. டாக்டர்கள் முதலாவதை பிரைமரி, இரண்டாவதை செகண்டரி என்கிறார்கள்.

மூன்றாவது ஒன்றும் நம் நாட்டில் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தடிக்கவைத்து, சுண்ணாம்பு படியச் செய்து, சுருக்கிவிடும். பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள், முப்பது நாற்பது வயதுப் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பழைய காய்ச்சலின் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். வால்வு சுருங்கியிருந்தால் பலூன் விட்டு விரிக்கலாம். ஜப்பானிய சர்ஜன் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த அந்த முறைக்கு ஜெயதேவா பேர் போன இடம். ஆனால் வால்வு சுருங்கியதோடு பலமாக ஒழுகவும் செய்தால் பலூன் கூடாது, லீக் இன்னும் பெரிதாகும். கிளிப்பும் பொதுவாக ஒத்துவராது. ஏற்கெனவே குறுகிய வாசலை இன்னும் குறுக்குவதாகிவிடும். அவர்களுக்கு அனேகமாக ஆபரேஷன்தான் வழி.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன், அத்தை விஷயத்தில் அதில் பேச அதிகமில்லை. அறுந்த நாணை எந்த மாத்திரையும் ஒட்டாது. தண்ணி மாத்திரை, அதாவது ஃபுரோசமைடு, நுரையீரலில் தேங்கிய நீரை இறக்கி மூச்சை லேசாக்கும். அத்தைக்கும் நாலே நாளில் கால் வீக்கம் வடிந்தது, இரவில் தூங்கினார். "அதான் சரியாயிடுச்சே" என்றார். சரியாகவில்லை. ஒழுகல் அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் 60 மில்லிக்கு மேல் பின்னோக்கிப் போனால் அது சிவியர். கீழறை தள்ளுகிற ரத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ வந்த வழியே திரும்புகிறது என்று அர்த்தம்.

இங்கே ரிப்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஈ.எஃப்., அதாவது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, 58 சதவீதம் என்று இருந்தது. மாமா கூகுளில் பார்த்துவிட்டு, "55க்கு மேல இருந்தா நார்மலாம்டா" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். வால்வு ஒழுகாத இதயத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஒழுகும் இதயம் பின்னோக்கியும் தள்ளுவதால், எதிர்ப்பில்லாத பக்கம் சுலபமாக வெளியேற்றி, எண்ணை அழகாகக் காட்டும். அதனால்தான் பிரைமரி லீக்கில் ஈ.எஃப். 60க்கு இறங்கினாலே, அல்லது சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மி.மீ. தொட்டாலே, அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வைச் சரிசெய்யும் வேளை வந்துவிட்டது என்கிறார்கள். அத்தைக்கு 58, 41. காத்திருந்தால் தசை நிரந்தரமாகத் தளர்ந்துவிடும், அப்புறம் வால்வை மாற்றினாலும் பழைய இதயம் திரும்பாது.

செகண்டரி லீக்கில் மாத்திரைதான் முதல் சிகிச்சை, அதுவும் முழு அளவில். காக்ஸ் டவுனில் எங்கள் மாடி வீட்டு அங்கிளுக்கு 68 வயது. பழைய மாரடைப்பு, ஈ.எஃப். 30, லீக் சிவியர். அவருக்கும் கிளிப் பேச்சு வந்தது. வேறொரு டாக்டர், முதலில் மாத்திரைகளைச் சரியாக்குவோம் என்று பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்லிஃப்ளோசின் என நான்கையும் படிப்படியாக ஏற்றினார். நான்கு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் கீழறை சற்றுச் சுருங்கியிருந்தது, லீக் மிதமாகியிருந்தது. கிளிப் பேச்சே நின்றுபோனது. காப்புரிமை முடிந்து அந்த மாத்திரைகளில் சில இப்போது மலிவாகக் கிடைப்பது வேறு ஒரு புண்ணியம்.

இனி கிளிப். "கொடியில துணிக்குப் போடற கிளிப்பா?" என்று அத்தை கேட்டார். கார்டியாலஜிஸ்ட் சிரித்துவிட்டு, "ஏறக்குறைய அதேதான்மா. ஆனா கொடி நிமிஷத்துக்கு எழுபது தடவை ஆடிட்டு இருக்கும்" என்றார். பல பக்கம் படித்தும் இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

யோசனை ஒரு சர்ஜனுடையது. இத்தாலியின் ஒட்டாவியோ அல்ஃபியெரி 1990களின் தொடக்கத்தில், ஒழுகும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ் விளிம்பையும் நடுவில் ஒரு தையலால் சேர்த்துவிட்டார். ஒரு பெரிய வாசல் இரண்டு சிறு வாசலாகும், நடுவில் ஒழுகாது. அந்தத் தையலின் இடத்தில் உலோகக் கிளிப்பை வைத்து, நெஞ்சைத் திறக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மைட்ராக்ளிப். மனிதருக்கு முதலில் போட்டது 2003இல். ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2013இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதி முதலில் யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: பிரைமரி லீக் உள்ள, ஆபரேஷனைத் தாங்கவே முடியாத நோயாளிகளுக்கு. செகண்டரி லீக்குக்கு 2019இல்தான் வந்தது.

தொடைச் சிரை வழியாக, விளக்குமாற்றுக் குச்சியைவிடத் தடிமனான, கிட்டத்தட்ட 8 மி.மீ. குழாய் ஏறும். இதயத்தின் வலது மேலறைக்குப் போய், இரண்டு மேலறைக்கும் நடுவில் உள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் வரும். கண்ட இடத்தில் துளைக்கக் கூடாது. வால்வுக்கு மேலே சுமார் 4 முதல் 4.5 செ.மீ. உயரம் வேண்டும், இல்லாவிட்டால் கிளிப்பைத் திருப்ப இடம் போதாது. பிறகு கிளிப்பை விரித்து, வால்வின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, ஆடுகிற இரண்டு இதழையும் ஒரே நேரத்தில் கவ்வ வேண்டும். இத்தனைக்கும் ஆஞ்சியோ மாதிரி எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது, இதழ் எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளியை மயக்கி, தொண்டை வழியாக எக்கோ குழாயை இறக்கி, அதில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். கிளிப் போடுபவரின் கை பாதி, எக்கோ பார்ப்பவரின் கண் பாதி. ஆஸ்பத்திரி விளம்பரத்தில் அந்த இரண்டாவது ஆள் படம் மட்டும் இருக்காது.

கவ்வியதும் லீக் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். போதாவிட்டால் அவிழ்த்து வேறு இடத்தில் கவ்வலாம், கம்பியிலிருந்து விடுவிக்கும் வரை திரும்ப எடுத்துவிடலாம். இது இந்த முறையின் பெரிய நல்ல குணம். இன்னொரு கிளிப்பும் போடலாம். ஆனால் ஒவ்வொரு கிளிப்பும் வாசலைக் குறுக்குகிறது. நல்ல மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்கும். அது 4க்குக் கீழே இருந்தால் கிளிப் போட்டபின் வாசல் குறுகி, லீக் போய் அடைப்பு வந்து சேரும். இரண்டு அறைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். உடம்பு சிறுத்த பெண்களுக்கு வால்வும் சிறிதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே நம் அத்தைமார்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

அத்தைக்குத் தொண்டை எக்கோ எடுத்தார்கள். "வாய்ல ஹோஸ் பைப்பை விட்டுட்டானுங்க" என்று இரண்டு நாள் புலம்பினார். அதில்தான் விஷயம் வெளிவந்தது. வால்வின் திறப்பு 3.8 சதுர செ.மீ. படபடக்கும் துண்டின் அகலம் 14 மி.மீ. ஆரம்பகால ஆய்வுகள் கிளிப்புக்கு 15 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தன. ஒரு கிளிப் அத்தனையையும் பிடிக்காமல் போகலாம், இரண்டு போட்டால் வாசல் குறுகும். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. "பண்ணலாம், ஆனா பெர்ஃபெக்ட் ரிசல்ட் சொல்ல முடியாது" என்றார் கார்டியாலஜிஸ்ட். நேர்மையான மனிதர்.

கவ்விய ஓர் இதழ் பின்னால் நழுவி, கிளிப் ஒரே இதழில் தொங்குவது உண்டு. கிளிப் பிடிக்கும் இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ பின்னிதழ் மிகக் குட்டையாக இருந்தாலோ இந்த ஆபத்து கூடும். துளைத்த சுவரில் ஓட்டை சிலருக்கு மூடாமல் தங்கும். ரத்தக் கசிவு, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது இரண்டும் அபூர்வமாக, ஆனால் நடக்கக் கூடியவை.

எண்களைப் பார்ப்போம். 2011இல் வெளியான எவரெஸ்ட் 2 ஆய்வில் 279 பேரைக் கிளிப், ஆபரேஷன் என்று குலுக்கிப் பிரித்தார்கள். முதல் 30 நாளில் பெரிய சிக்கல் கிளிப்பில் 15 சதவீதம், ஆபரேஷனில் 48 சதவீதம். பிந்தையதில் பெரும்பகுதி ரத்தம் ஏற்ற வேண்டிவந்த கணக்கு. இதை மட்டும் படித்தால் எங்கள் வாட்ஸ்அப் குழு சொன்னது சரி. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் இரு பக்கமும் 6 சதவீதம். ஆனால் அதே ஒரு வருடத்துக்குள் வால்வுக்காக ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் கிளிப் பக்கம் 20 சதவீதம், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 2 சதவீதம். அது பழைய தலைமுறைக் கிளிப். இன்றைக்கு நான்கு அளவில் வருகிறது, இரண்டு இதழையும் தனித்தனியாகப் பிடிக்க முடிகிறது, கைகளும் தேறிவிட்டன. இடைவெளி குறைந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் கிளிப் லீக்கைக் குறைக்கிறது, ஆபரேஷன் அனேகமாக நிறுத்துகிறது என்கிற அடிப்படை வித்தியாசம் மாறவில்லை.

செகண்டரி லீக்கில் நிலைமை வேறு, சுவாரசியமும் அங்கேதான். 2018இல் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரான்ஸில் 304 பேரை வைத்து நடந்த மித்ரா-எஃப்.ஆர்., கிளிப்பால் ஒரு வருடத்தில் எந்தப் பயனும் இல்லை என்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரை வைத்து நடந்த கோஆப்ட், இரண்டு வருடத்தில் இறப்பு 46 சதவீதத்திலிருந்து 29 ஆக இறங்கியது என்றது. ஒரே கருவி, எதிரெதிர் தீர்ப்பு. வித்தியாசம் நோயாளிகளில் இருந்தது. கோஆப்டில் லீக் பெரிது, கீழறை அந்த அளவுக்கு ஊதவில்லை. மாத்திரை முழு அளவில் கொடுத்தும் தீராதவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். மித்ரா-எஃப்.ஆர்.இல் கீழறை ரொம்பப் பெரிது, லீக் சற்றுச் சிறிது. அங்கே கதவைச் சரிசெய்து என்ன, வீடே சாய்ந்திருக்கிறது. ஆகவே மாடி வீட்டு அங்கிளைப் போன்றவர்களுக்கு "கிளிப் நல்லதா?" என்ற கேள்வியில் பதில் கிடைக்காது. எவ்வளவு லீக், எவ்வளவு பெரிய இதயம், மாத்திரை முழுதாகப் பார்த்தாயிற்றா என்று கேட்டால் கிடைக்கும்.

இப்போது அந்தத் தப்புக் கணக்கு. முதலில் சின்னது, பிறகு பெரியது. கேட்க ஏணி மாதிரி இருக்கிறது. நடப்பில் அது ஏணி இல்லை. கிளிப் கவ்விய இதழ் சில மாதங்களில் அதைச் சுற்றிச் சதை வளர்த்துக்கொள்கிறது, இரண்டு விளிம்பும் ஒன்றாக ஒட்டிப்போகின்றன. பிறகு கிளிப் சரிப்படாமல் ஆபரேஷனுக்குப் போனால், அதைப் பிய்த்தெடுக்கும்போது இதழ் கிழியும். இப்படிப் போனவர்களைத் தொகுத்துப் பார்த்ததில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொந்த வால்வைச் செப்பனிட முடியாமல் வால்வையே மாற்ற வேண்டியிருந்தது. அதாவது இன்று செப்பனிடக் கூடிய வால்வு, கிளிப்புக்குப் பிறகு அனேகமாகச் செப்பனிட முடியாத வால்வு. சர்ஜன் இதைச் சொன்னபோது கார்டியாலஜிஸ்டைப் போட்டுக்கொடுக்கிறாரோ என்று நினைத்தேன். மறுநாள் கார்டியாலஜிஸ்டிடமே கேட்டேன். "உண்மைதான்" என்றார். பின்னே ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நாங்கள்தான் "கத்தி வேணாம் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தோம்.

ஆபரேஷன் என்றால் செய்வது இது. நெஞ்செலும்பை நெடுக்காகப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை மெஷினுக்கு மாற்றி, தளர்ந்த துண்டை வெட்டிச் சேர்ப்பார்கள் அல்லது செயற்கை நாண் கட்டுவார்கள். விரிந்த நிலைச்சட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் வைத்து இறுக்குவார்கள். கிளிப்பால் செய்ய முடியாதது அந்த வளையம். சில இடங்களில் வலது மார்புப் பக்கம் சிறிய கீறல் வழியாகவும் செய்கிறார்கள். பின்னிதழ் நாண் அறுந்த லீக், தேர்ந்த கையில், செப்பனிட மிகத் தோதான வகை. பத்து வருடத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்கு மறு ஆபரேஷன் வேண்டியிருப்பதில்லை.

செப்பனிட முடியாமல் மாற்ற நேர்ந்தால் உலோக வால்வா, விலங்குத் திசுவில் செய்த திசு வால்வா என்று அடுத்த கேள்வி வரும். உலோகம் காலத்துக்கும் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் குழு உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலில் பொருத்திய சித்ரா வால்வு, ஏழைகளுக்கும் எட்டும் விலையில் வந்தது இந்த வகையில்தான். ஆனால் ஆயுள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க மாதாமாதம் ஐ.என்.ஆர். பரிசோதனை, முருங்கைக் கீரை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு ஒருநாள் விடக் கூடாது என்கிற கட்டுப்பாடு எல்லாம் உண்டு. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை சில மாதம்தான், பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். அப்போது அதற்குள்ளேயே கதீட்டர் வழியாக இன்னொரு வால்வை வைக்க முடியும். எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் திசுதான்.

இதற்குத் தரும் விலை சின்னதில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஆஸ்பத்திரி. எலும்பு கூட இரண்டு மூன்று மாதம். சர்க்கரைக்காரர்களுக்குக் காயத்தில் சீழ் பிடிக்கும் பயம். மூளைக்கு ரத்தக்கட்டி போகும் வாய்ப்பு, குறைவுதான், ஆனால் உண்டு. வயதையும் மற்ற நோய்களையும் வைத்து, ஆபரேஷனில் உயிர் போகும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எஸ்.டி.எஸ். என்கிற ஒரு கணக்குப் போடுகிறார்கள். 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 8ஐத் தாண்டினால் அதிகம். அத்தைக்கு 2க்குக் கொஞ்சம் கீழே வந்தது. வயது 73 என்றதும் நாங்கள் மனதில் போட்டுவைத்திருந்த எண் இருபதோ முப்பதோ.

என் நண்பரின் அம்மாவுக்கு இதே லீக். வயது 84, முன்பே ஒரு பைபாஸ் ஆனவர், சிறுநீரகமும் அரைகுறை. மறுபடி நெஞ்சைத் திறப்பது தற்கொலை என்று இரண்டு சர்ஜன்களும் கைவிரித்தார்கள். வால்வின் அமைப்பு தோதாக இருந்தது, ஒரே கிளிப்பில் லீக் லேசானதாக இறங்கியது. மூன்றாம் நாள் மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பது 84 வயதில் முதல் கேள்வி இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கிளிப் வரப்பிரசாதம். அவரைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் குடும்பம் கிளிப்புக்குக் கொடி பிடித்தது.

பணம். ஆபரேஷன் லட்சங்களில் முடியும், கிளிப்பின் விலையோ அதைப்போலப் பல மடங்கு, கருவிதான் அதில் பெரும்பங்கு. ஒரு கிளிப் போதாமல் இரண்டாவது போட்டால் பில் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு எஸ்டிமேட் கொடுத்த இடத்தில் அந்த வரி இல்லை, கேட்டதும் சங்கடப்பட்டார்கள். குஜராத் வாபியின் மெரில் நிறுவனம் உள்நாட்டிலேயே கிளிப் செய்திருப்பதால் விலை இறங்கும் என்று நம்பலாம். இன்ஷூரன்ஸ்காரர் போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்றார். பாலிசியின் பதினேழாம் பக்கத்தில் நவீன சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. கடன் பிரிவில் இருபது வருடம் இருந்தும் அதை இரண்டாம் வாசிப்பில்தான் கண்டுபிடித்தேன். காசே இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் வழியிலாவது கதவு திறந்திருக்கிறது. ஜெயதேவாவும் ஒயிட்ஃபீல்டு சத்ய சாயி மருத்துவமனையும் இந்த ஊரின் பெரிய கொடுப்பினை. ஒயிட்ஃபீல்டில் 2001இலிருந்து இதய ஆபரேஷனுக்குக் காசே வாங்குவதில்லை. வரிசைதான் நீளம். உறவினர் பாதிப் பேர் "வேலூருக்குப் போயிடலாமே" என்றார்கள், ஆம்பூர்க்காரர்களுக்கு அது இரண்டாவது பிறந்த வீடு. அத்தை மறுத்துவிட்டார்: "பாக்க வர்றவங்களுக்கு யாரு சமைப்பா அங்க?"

கதீட்டர் வழியாகக் கிளிப்புக்குப் பதில் முழு வால்வையே வைக்க முடியாதா என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வின் அடைப்புக்கு அப்படி வைக்கும் டாவி இன்று சர்வசாதாரணம். மைட்ரலில் சிக்கல் கூடுதல். வாசல் வட்டமில்லை, குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது, பெரியது, துடிப்புக்குத் துடிப்பு உருமாறுவது. புதிய வால்வு உள்ளே நீட்டிக்கொண்டு, ரத்தம் உடம்புக்குப் போகும் பாதையையே மறித்துவிடலாம். ஸ்கேன் பார்த்துவிட்டுப் பலரைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். டெண்டைன் என்ற வால்வுக்கு ஐரோப்பா 2020இல் அனுமதி தந்தது, நம் அத்தைக்கான பேச்சில் அது வரவில்லை. அயோர்டிக் வால்வு அடைப்பில்லாமல் வெறுமனே ஒழுகினால் டாவிக்கும் அதே கஷ்டம். டாவி வால்வு பிடித்து நிற்பதே பழைய வால்வில் படிந்த சுண்ணாம்பில்தான், சுண்ணாம்பு இல்லாவிட்டால் நழுவும். இதயத்தின் வலப்பக்க டிரைகஸ்பிட் வால்வு லீக்குக்கும் கிளிப் வந்திருக்கிறது. 2023இல் 350 பேரை வைத்து வந்த ஆய்வில் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை தெளிவாகத் தேறியது, ஆனால் ஒரு வருடத்தில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

முடிவை நாங்கள் எடுத்ததாகச் சொல்ல மாட்டேன். சர்ஜனும் கார்டியாலஜிஸ்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், என் பங்கு அவ்வளவே. இருவரும் அத்தையின் எக்கோவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். "இந்த வால்வை நீங்க ரிப்பேர் பண்ண எவ்வளவு சான்ஸ்?" என்று கார்டியாலஜிஸ்ட் கேட்டார். "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு" என்றார் சர்ஜன். வருடத்துக்கு எத்தனை மைட்ரல் ரிப்பேர் செய்கிறார் என்று நான் கேட்டதற்கும் முகம் கோணாமல் பதில் சொன்னார். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "மறுபடி திறக்க வேண்டியது வருமா சாமி?"

"வராதுன்னுதாம்மா நெனைக்கிறேன்."

"அப்ப ஒரேயடியா முடிச்சுடு."

ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் உட்காரக் கூடாதாம். ஒரு கடைவாய்ப்பல் போனது. ரத்தம் கொடுக்க மர்ஃபி டவுன் பையன்கள் நாலு பேர் பைக்கில் வந்து நின்றார்கள். தியேட்டர் வாசலில் அட்டெண்டர் "அம்மா, ஒளகெ பன்னி" (உள்ளே வாங்க) என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ள, அத்தை கன்னடத்திலேயே அவருடைய சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு உள்ளே போனார். நாலரை மணி நேரம். செப்பனிட முடிந்தது, வளையம் வைத்தாயிற்று, மாற்ற வேண்டி வரவில்லை.

ஐசியூவில் மூன்றாம் நாள் சட்டென்று இதயத் துடிப்பு தாறுமாறாகி எங்களை அலறவைத்தது. இந்த ஆபரேஷனுக்குப் பின் பலருக்கும் வருவதாம், மருந்தில் அடங்கியது. பதினொன்றாம் நாள்தான் வீடு. முதல் மாதம் தலை வார, பாத்திரம் தூக்க எதற்கும் கை ஓங்கக் கூடாது. மருமகளிடம் வேலை சொல்லிச் சொல்லியே இருவருக்கும் இடையே பழைய பனிப்போர் ஒன்று முடிவுக்கு வந்தது. அந்த மாதத்தில் ஒருநாள் இரவு வலியில், "அந்தக் கிளிப்பையே போட்டிருக்கலாம்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது ஐந்தாவது மாதம். எக்கோவில் லீக் இருக்கிறதா என்று டெக்னீசியனே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று தலையணையில் ஒன்றை இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வைத்திருந்தார், அதுவும் இப்போது தேவைப்படுவதில்லை. இன்னொன்றை மாமா எடுத்துக்கொண்டார்.